எதிர்க்கரையில் இருப்பவர்

செப்டம்பர் 2

இங்கே வந்து பதினைந்து நாளாகிறது. இந்த நோட்டை லூசியா தந்தாள். "அக்கா, எழுது. பேச ஆள் இல்ல. எழுது" என்றாள்.

லூசியா என் தம்பி ரொமால்டின் மனைவி. போர்ச்சுகீசியப் பெண், இந்தத் தீவிலேயே பிறந்தவள். ரொமால்ட் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தபோது இவளைப் பார்த்தான். கப்பலை விட்டான், இங்கேயே தங்கிவிட்டான். ஒன்பது வருடத்தில் அவனிடமிருந்து அவள் பிடித்துக்கொண்ட தமிழ் சுத்தமான தூத்துக்குடிக் கடற்கரைத் தமிழ். ஆனால் மனைவியிடம் அவன் என்ன மரியாதையா போட்டுப் பேசியிருப்பான்? அதனால் அவளுக்கு நீ, வா, போ, அவன், அவள் மட்டும்தான் தெரியும். பங்குச் சாமியாரையே "சாமி வந்தான்" என்கிறாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

தீவின் பெயர் பிக்கோ. அட்லாண்டிக் கடலின் நடுவில் ஒற்றை மலை, அதன் காலடியில் கருங்கல் வேலிகள், வேலிக்குள் திராட்சை. எதிரே ஃபயால் தீவு. நடுவில் கப்பலில் அரை மணி நேரக் கடல். ரொமால்டின் சாப்பாட்டுக் கடை ஜன்னலில் நின்றால் எதிர்த் தீவின் ஓர்த்தா என்ற ஊர் வீடு வீடாகத் தெரியும்.

எட்டு மேசைக் கடை. சமையல் இப்போது என் பொறுப்பு. ஆறு மாதம் ஒரு மாறுதலுக்காக வந்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கும் தெரியும். இடது மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தது. மாவு பிசைய வலது கை போதும்.

செப்டம்பர் 6

மக்ரூன் போட்டுப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தெரு முனை பேக்கரியில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். முட்டை வெள்ளையை அடித்துக் குவித்தால் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது. இங்கே காற்றில் அவ்வளவு ஈரம். கூம்பு கூம்பாக வைத்ததெல்லாம் அடுப்பில் படுத்துவிட்டது. ரொமால்ட் அதையும் தின்றான்.

மத்தியானம் பயணிகள் கப்பலில் கயிறு கட்டுகிற ஆல்வரோ என்பவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். ரசத்தைக் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். இவர்களுக்கு முதலெழுத்து 'ர' தொண்டையிலிருந்து வருகிறது. "ஹசம்" என்றார்.

செப்டம்பர் 11

அம்மா போனில் பேசினாள். "மருமவன் ஞாயித்துக்கெழம தவறாம பூசை முடிஞ்சி வீட்டுக்கு வாராவ. நேத்து சீலா மீனு வாங்கிட்டு வந்தாவ. உன்னப் பத்தி ஒரு கொற சொல்லல பாத்துக்க. ஒனக்கு என்னட்டி கொறச்சல்?" என்றாள்.

ஒன்றும் இல்லை என்றேன்.

செப்டம்பர் 15

ஆல்வரோ வந்தார். சாப்பிட்டார். போனார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 19

லூசியா என் அறைக்குள் கதவைத் தட்டாமல் வந்துவிட்டாள். நான் உடை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, முதுகு என்ன?"

"எண்ணெய் தெறிச்சிட்டு."

"எண்ணெய் முன்னாடி இருக்கு. நீ முன்னாடி நிக்க. முதுகுல எப்படி?"

அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று கீழே வந்துவிட்டேன்.

இங்கே சேப்பங்கிழங்கு கிடைக்கிறது. 'இன்யாம்' என்கிறார்கள், பன்றி இறைச்சி வற்றலோடு தின்கிறார்கள். நான் புளி விட்டு வறுத்தேன். எட்டு மேசையும் அதையே கேட்டன.

செப்டம்பர் 27

நன்றாகத் தூங்குகிறேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் கை தானாகக் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறது. பழக்கம்.

இன்று மக்ரூன் நின்றது. அடுப்பின் கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்து, இளஞ்சூட்டில் அரைநாள் விட்டேன். வெளியே மொறமொறப்பு, உள்ளே முந்திரி. ஆல்வரோ ஒன்றைக் கடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் சட்டைக் காலரில் உப்புப் பூத்திருந்தது. இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 1

கடையின் முன்னால் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து ரொமால்ட் படம் எடுத்து, போனில் ஊருக்கே போட்டிருக்கிறான். கடைப் பெயர்ப் பலகை, ஊர்ப் பெயர், துறைமுகம், எல்லாம் தெரிகிறது. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் பக்கத்தில் ஆல்வரோ தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

எடுத்துவிடச் சொன்னேன். "ஏன்க்கா, நல்லாத்தான இருக்க?" என்றான்.

அக்டோபர் 2

படத்தின் கீழே ஊரிலிருந்து அவர் எழுதியிருக்கிறார். "சிரிப்பு நன்றாக இருக்கிறது, ஜெசி."

அக்டோபர் 9

ஒரு வாரமாக எழுதவில்லை. வேலை அதிகம்.

அந்தி சாய்ந்ததும் கடலிலிருந்து பறவைகள் பாறைக்குத் திரும்புகின்றன. 'ககாரு' என்று பெயர். பச்சைப் பிள்ளை அழுகிற மாதிரியே கத்துகின்றன. முதல் மாதம் இந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இப்போது ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

அக்டோபர் 17

ரொமால்டுக்கு வயிற்றில் ரகசியம் நிற்காது. மூன்று நாளாக முகமெல்லாம் சிரிப்பாக அலைந்தவன் இன்று சொல்லிவிட்டான்.

"ஒனக்குப் பொறந்தநாளு வருதுல்லா? இருவத்தாறு? அத்தான் வாராவ!"

எந்த அத்தான் என்று கேட்டேன். எனக்கு எத்தனை கணவர்கள்?

"ஸ்டனி அத்தான்தான். செப்டம்பர்லேயே என்கிட்டப் பேசிட்டாவ. நான்தான் அழைப்புக் கடுதாசி அனுப்புனேன். விசா வந்துட்டு. போன்ல அழுதாவக்கா. 'ஏதோ சின்ன மனஸ்தாபம் மச்சான், நேர்ல வந்து பேசித் தீத்துக்கிடுறேன்'னாவ. ரொம்ப மாறிட்டாவ."

லூசியா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"சரி, கட்டில் விரிப்பு மாத்தணும்" என்றேன்.

அக்டோபர் 18

கட்டில் விரிப்பு மாற்றினேன். அறையைக் கழுவினேன். நீலச் சேலையை இஸ்திரி போட்டேன். அவருக்கு நீலம் பிடிக்கும்.

அக்டோபர் 20

மத்தியானம் ஆல்வரோ வந்தபோது நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. ரசத்தை லூசியாவே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து, "அவன் கேக்கான், 'ஜெசிந்தா சுகமா?' நான் என்ன சொல்ல?" என்றாள்.

சுகம் என்று சொல்லச் சொன்னேன்.

"பொய் நீ சொல்லு. நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

அக்டோபர் 24

அவர் வந்துவிட்டார். இங்கே அல்ல, எதிர்த் தீவுக்கு. லிஸ்பனிலிருந்து அவருக்குக் கிடைத்த விமானம் ஃபயாலில்தான் இறங்கும். அங்கிருந்து கப்பல். ஆனால் காலையிலேயே மலை உச்சியில் மேகம் தொப்பி மாதிரி கவிழ்ந்திருந்தது. மலை தொப்பி போட்டால் கடல் எழும்பும் என்று இங்கே பிள்ளைகள்கூடச் சொல்லும். மூன்று மணிக்கு அலை துறைமுகச் சுவரைத் தாண்டி அடித்தது. கப்பல் ரத்து. அவர் ஓர்த்தாவில் ஓட்டலில் தங்கியிருக்கிறார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் வந்தது. ரொமால்ட் சத்தமாக வைத்தான்.

"ஜெசி, உன் தீவு எனக்கு நல்லாத் தெரியுது. கரையோரமா வரிசையா விளக்கு. எது உன் வீடு?"

நான் சட்டியைத் துலக்கிக்கொண்டே இருந்தேன்.

"மச்சான், கடை விளக்க அணைச்சிப் போடுங்களேன், பாப்போம்."

ரொமால்ட் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அணைத்துப் போட்டான். மூன்று முறை.

"ஆங். பாத்துட்டேன். இனி தப்பாது" என்றார்.

அக்டோபர் 25

காற்று. கப்பல் இல்லை.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போன். என்ன சமைத்தாய், யார் யார் சாப்பிட வந்தார்கள், அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் யார். எல்லாம் சிரித்தபடியே கேட்டார்.

அக்டோபர் 26

காற்று. கப்பல் இல்லை. நாற்பத்து மூன்று வயது.

அக்டோபர் 27

எல்லோரும் எழுவதற்கு முன்னால் எழுதுகிறேன். விடிந்துவிட்டது. காற்று நின்றுவிட்டது. எதிரே வீடுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கிவிட்டன.

குளியலறையில் நான் விழவில்லை.

ஈஸ்டர் அன்று காலை பூசைக்குக் கிளம்ப ஐந்து நிமிடம் தாமதமாகிவிட்டது. மணிக்கட்டைப் பிடித்து நிலைக்கதவில் வைத்து அழுத்தினார். முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழுக்கிவிட்டாள் என்றார். தலையைக் கோதிவிட்டுக்கொண்டே இருந்தார். நர்ஸ் என்னிடம், "கொடுத்து வச்சவங்க நீங்க" என்றாள். மாலைப் பூசையில் பாடற்குழுவில் அவர் பாடினார். அவர் குரல் நன்றாகத்தான் இருக்கும்.

முதுகில் எண்ணெய் தெறிக்கவில்லை. சோறு வடித்த கொதிகஞ்சி. ஆறு வருடம் முன்னால். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் படம் எடுத்தபோது பல் தெரியச் சிரித்தேனாம்.

பதினோரு வருடம். அவர் கொச்சிக்குப் போயிருந்த நான்கு நாளில் கிளம்பி வந்தேன். சொல்லிக்கொண்டு வரவில்லை.

எழுதியாகிவிட்டது. கீழே போகிறேன்.

அக்டோபர் 27, மாலை

காலையில் ரொமால்ட் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். "பத்து மணிக் கப்பல் இல்லையாம், அலை இன்னும் அடங்கலையாம், நாளைக்குத்தானாம். அத்தானுக்குச் சொல்லணும்" என்றான்.

"சொல்லாத. அவுக இங்க வரவேண்டாம்" என்றேன்.

"என்னக்கா இது, இம்புட்டுத் தூரம் வந்த மனுசன..."

நோட்டைப் பிரித்து அவன் முன்னால் வைத்தேன். அவன் நின்றபடியே படித்தான். இரண்டாவது தடவையும் படித்தான். காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அணைக்கவில்லை.

"என்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். லூசியா அவனைத் தேற்றவில்லை. என் கோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "வா. போலீஸ்" என்றாள்.

காவல் நிலையத்தில் கார்லா என்ற பெண் அதிகாரி இருந்தாள். எனக்கு அவள் மொழி தெரியாது, ஆங்கிலமும் எனக்குத் தட்டுத் தடுமாறித்தான். லூசியாதான் நடுவில். ஆனால் லூசியாவின் தமிழுக்கு என் பேச்சு புரியவில்லை. "கோபம் வந்தா கொஞ்சம் நிதானம் தவறிருவாவ" என்றேன். "என்ன தவறு? சின்னச் சொல்லு சொல்லு" என்றாள். "கை நீட்டுவாவ" என்றேன். "கை நீட்டி? எதுக்கு? குடுக்கவா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளுக்குத் தெரிந்த சொற்களில்தான் சொல்ல முடியும் என்று புரிந்தது. குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னேன்.

"அடிச்சான்."

"அடிச்சான்" என்று அவளும் சொல்லி, அதைப் போர்ச்சுகீசியத்தில் மாற்றினாள். கார்லா எழுதினாள்.

"கைய ஒடிச்சான். சுடுகஞ்சிய ஊத்துனான். கழுத்தப் புடிச்சான்."

இரண்டு மணி நேரம். அவனை நான் 'அவன்' என்றதே இல்லை. மனசுக்குள்கூட.

ஊரில் நடந்ததை எழுதி வைக்க மட்டுமே முடியும் என்றாள் கார்லா. இங்கே இந்த மண்ணில் உன்மேல் ஒரு விரல் வைத்தாலும் அது எங்கள் வழக்கு, வீட்டு விஷயம் என்று இங்கே யாரும் விடமாட்டோம் என்றாள். நாளை துறைமுகத்தில் இருப்பதாகச் சொன்னாள்.

திரும்பும்போது லூசியா என் கையை விடவில்லை.

அக்டோபர் 28

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான்கு நாளுக்குப் பிறகு முதல் கப்பல். துறைமுகத்தில் ஒரே கூட்டம். ரொமால்ட் என்னை வரவேண்டாம் என்றான். இன்று நான் வீட்டில் ஒளிந்தால் அவன் கடை வாசலுக்கு வருவான், பிறகு அறை வாசலுக்கு. போனேன்.

ஆல்வரோ கயிற்றை வீசிக் கட்டி, நடைபாலத்தை இறக்கினார். மூன்றாவது ஆளாக அவன் இறங்கினான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. முன்னால் ஒரு கிழவி கூடையோடு தடுமாற, அதை வாங்கிக்கொண்டு அவளைக் கைபிடித்து இறக்கிவிட்டான். கிழவி அவன் கன்னத்தைத் தட்டினாள். ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாமே என் மனப்பிரமையோ என்று.

"ஜெசி! மெலிஞ்சிட்டியே" என்றான். ரொமால்டின் தோளைத் தட்டினான். "என்ன மச்சான், மொகம் வாடிக் கெடக்கு?"

"நீங்க திரும்பிப் போயிருங்க" என்றேன். எவ்வளவு ஒத்திகை பார்த்தாலும் வாயில் 'நீங்க' தான் வந்தது.

"அக்காளுக்கு இன்னும் கோவம் தீரல போல" என்று ரொமால்டைப் பார்த்துச் சிரித்தான். பிறகு, சேர்ந்து நடப்பதற்காகப் பிடிப்பதுபோல, என் கையைப் பிடித்தான். இடது கை. கட்டைவிரல் சரியாக அந்த இடத்தைக் கண்டுபிடித்து அழுத்தியது. முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"வீட்டுக்குப் போயி பேசுவோம்" என்றான். எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

இந்த மாதிரி எத்தனையோ கல்யாண வீடுகளில், கோயில் வாசல்களில் இந்தப் பிடியோடு நானும் சிரித்துக்கொண்டே நடந்திருக்கிறேன்.

"விடு" என்று கத்தினேன். "விடு! விடுடா!"

என் தொண்டையில் இவ்வளவு சத்தம் இருப்பது எனக்குத் தெரியாது. துறைமுகமே திரும்பியது. ஆல்வரோ கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அதற்கு முன் ரொமால்ட் வந்துவிட்டான். அவன் அடிக்கவில்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அவன் பிரிக்கும்போதும் அந்த முகம் சிரித்தபடிதான் இருந்தது. ரொமால்ட் அதை அருகிலிருந்து பார்த்தான். அப்போதுதான் என் தம்பி உடைந்து அழுதான்.

கார்லா வந்து பாஸ்போர்ட் கேட்டாள். அவன் நல்ல ஆங்கிலத்தில், இது குடும்ப விஷயம், இவள் என் மனைவி என்றான். என் மணிக்கட்டில் நான்கு விரலும் சிவந்து பதிந்திருந்ததைக் கார்லா படம் எடுத்தாள். பிறகு அவன் முதுகில் கை வைத்து வண்டிப் பக்கம் நடத்தினாள்.

ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்தான். அப்போது மட்டும் சிரிக்கவில்லை.

நவம்பர் 3

ஓர்த்தாவில் நீதிபதி முன் நிறுத்தினார்கள். என் அருகே வரக்கூடாது, போனிலும் பேசக்கூடாது என்று உத்தரவு. இன்று விமானம் ஏற்றிவிட்டார்கள். வழக்கு நடக்கும், வருடக் கணக்கில் ஆகலாம் என்றாள் கார்லா.

மாலையில் தெரியாத எண்ணிலிருந்து செய்தி: "ஊருக்கு வராமலா போவாய்?"

கார்லாவுக்கு அனுப்பினேன். பிறகும் வெகுநேரம் வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. இங்கேயே தங்குவதற்கு விண்ணப்பம் போட வேண்டும் என்கிறாள் லூசியா. தாள்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 5

கடை திறந்தோம். ஆல்வரோ வந்தார். எதுவும் கேட்கவில்லை. அவர் மேசைக்கு நானே போய் ரசம் வைத்தேன்.

நவம்பர் 12

ஞாயிறு. ஓர்த்தாவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வரமுடியுமா என்று ஆல்வரோ போன வாரம் கேட்டிருந்தார். லூசியாதான் மொழிபெயர்த்தாள்: "அவன் சொல்றான், பயம்னா வேண்டாம். பயம் போனதும் வா. கப்பல் தினம் உண்டு."

போனேன். எதிர்க்கரையில் இறங்கும்போது நடைபாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆல்வரோ என் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்க வசதியாகக் கையை நீட்டி வைத்துக்கொண்டு நின்றார். சிறிது நேரம் கழித்து நான்தான் பிடித்தேன்.

இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை என்று வழக்கம்போல் எழுத வந்தேன். இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 19

அம்மா மூன்று வாரமாகப் பேசவில்லை. பங்கில் ஒருவர் முகத்திலும் விழிக்க முடியவில்லை என்று ரொமால்டிடம் திட்டியிருக்கிறாள். இன்று மத்தியானம் அவளே கூப்பிட்டாள். ஊரில் மழை போல. ஓட்டில் விழும் சத்தம் கேட்டது.

"ஜெசி."

"சொல்லும்மா."

"மூணு வருசம் முன்ன, இதே மாரி ஒரு மழ அன்னைக்கு நீ வந்து கதவத் தட்டுன. 'அம்மா, அம்மா'ன்னு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நான் கோயிலுக்குப் போயிருந்தேன்னு பெறவு ஒங்கிட்டச் சொன்னேன். போவல. உள்ளதான் இருந்தேன். கதவத் தெறந்தா நீ சொல்லிருவ. சொல்லிட்டா நான் என்ன செய்வேன்? அதான் தெறக்கல."

நோட்டில் இதை எழுத எனக்கு இதுவரை மனசு வந்ததில்லை.

"தெரியும்மா" என்றேன். "ஒன் செருப்பு வாசல்ல கெடந்துச்சு."

அம்மா அழவில்லை. மூச்சு மட்டும் பெரிதாக வந்து போனது. நானும் போனை வைக்கவில்லை. மன்னித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வராததை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"இப்பமும் மழ பெய்யிதாம்மா?"

"பெய்யிதுட்டி."

"கதவத் தெறந்து வையி" என்றேன். "கொஞ்ச நேரம் அப்படியே இரு. நான் லைன்லதான் இருக்கேன்."

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மழை, முன்னைவிடப் பலமாக.